டர்பனில் ஒரு 'வேலைக்குத் தயார்' வகுப்பு: 2,400 ரேண்டுக்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இன்ஜினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகளுக்காக நான்கு சனிக்கிழமை நடக்கிற வகுப்பு இது. முதல் மூன்று சனிக்கிழமையை வீட்டில் தூங்கிக் கழித்தாலும் பெரிய நஷ்டமில்லை. நான்காவது நாளுக்கு மட்டும் 600 ரேண்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். ஆனால் அப்படித் தனியாகத் தருவதில்லை. மொத்தமாக 2,400 ரேண்ட். மதியச் சாப்பாடும் ஒரு ஸ்பைரல் புத்தகமும் அதில் சேர்த்தி.

நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. சின்ன நிறுவனம், பயிற்சி கொடுத்த இரண்டு பேரும் நல்ல மாதிரியானவர்கள், அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு ஆசையில்லை. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் கோவில் வாட்ஸ்அப் குழுவிலும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் நண்பர்கள் நடுவிலும் 'பிள்ளையைச் சேர்க்கலாமா?' என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'இவருக்கு என்ன தெரியும்' என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்து, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் தொழில் பழகியவன். கல்யாணத்தால் டர்பன்காரன் ஆனேன். மனைவி இங்கேயே பிறந்தவள், நாலாம் தலைமுறை. ஜேக்கப்ஸ் பக்கம் சின்னதாக ஒரு பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பட்டதாரிகளையாவது நேர்காணல் செய்கிறேன். வகுப்பில் சேர்ந்தவன் மனைவியின் அண்ணன் மகன், மெக்கானிக்கல் இறுதியாண்டு. பணம் கட்டியது நான். கட்டினவன் என்ற உரிமையில் முதல் நாள் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கடைசி நாள் 'தொழில்துறை விருந்தினர்' என்று அவர்களே கூப்பிட்டார்கள். நடுவில் இரண்டு சனிக்கிழமையும் எனக்கு டிரைவர் உத்தியோகம்.

அந்த உத்தியோகம் எப்படி வந்தது என்றால், வகுப்பு நடக்கிற இடம் உம்ஷ்லாங்கா ரிட்ஜ். கண்ணாடிக் கட்டடம், கீழே காப்பிக் கடை, மேலே குளிர்சாதன அறை. எல்லாம் அழகு. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. சாட்ஸ்வொர்த்திலிருந்தோ உம்லாசியிலிருந்தோ வருகிற பிள்ளை, மினிபஸ் டாக்சி பிடித்து டவுனுக்குள் வார்விக் பக்கம் இறங்கி, அங்கிருந்து வேறொரு டாக்சி நிரம்பும் வரை காத்திருந்து, அப்புறம்தான் வர முடியும். முதல் நாள் காலை எட்டரை மணி வகுப்புக்கு முக்கால்வாசிப் பேர் தாமதம். பயிற்சியாளர் போட்ட முதல் ஸ்லைடு என்ன தெரியுமா? 'நேரம் தவறாமை: முதலாளிகள் முதலில் பார்ப்பது இதைத்தான்.' கடைசியாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்த உம்லாசிப் பையனைத்தான் அந்த ஸ்லைடைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அவனும் சிரித்துக்கொண்டே படித்தான்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது அவனையும் காரில் ஏற்றிக்கொண்டேன். இசிபிங்கோவில் ஒரு சிவில் பெண், ஷால்கிராஸில் ஒரு கெமிக்கல் பையன், இருவரும் வழிதான். அதிலிருந்து நான்கு பேரும் என் காரிலேயே வந்தார்கள். வகுப்புக்குள் நடந்ததைவிட என்-2 நெடுஞ்சாலையில் அந்தக் காருக்குள் நடந்த பேச்சு எனக்கு அதிகம் பயன்பட்டது. (எல்லாம் இங்கிலீஷில்தான். மருமகனின் தமிழ் 'வாங்க, சாப்பிடுங்க'வோடு சரி. இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.)

"நேரம் தவறாமை இல்லை மாமா, கார்" என்றான் மருமகன் முதல் நாளே. வேலை விளம்பரத்தை போனில் திறந்து காட்டினான். சொந்த, நம்பகமான வாகனம் வேண்டும், கோட் 8 லைசென்ஸ் (கார் ஓட்டும் உரிமம்) வேண்டும், அப்புறம் கீழே எங்கேயோ இன்ஜினியரிங் பட்டம். இங்கே இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. சைட் என்பது பஸ் போகாத இடத்தில்தான் இருக்கும். லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூல் காசு, டெஸ்ட் தேதிக்குக் காத்திருப்பு, டெஸ்டுக்கு ஒரு வாடகைக் கார். உம்லாசிப் பையன் வீட்டில் யாருக்கும் கார் கிடையாது. பழகுவதற்கு வண்டியே இல்லாதவன் எதில் பழகுவான்? முதலாளிகள் கேட்கிற தகுதிகள் என்று நான்கு நாள் பேசிய வகுப்பில், லைசென்ஸ் என்ற பேச்சே ஒரு தடவையும் வரவில்லை. 2,400 ரேண்டை டிரைவிங் பாடத்துக்குக் கட்டியிருக்கலாமோ என்று ஷால்கிராஸ் பையனின் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த விமர்சனத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒரு தாளைப் பற்றி. முதல் நாள் தேநீருக்கு முன் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பதினைந்து திறமைகள் வரிசையாக இருந்தன: தொழில்நுட்ப அறிவு, குழுவாக வேலை செய்தல், எழுத்து, பேச்சு, தலைமை, மென்பொருள், நேர மேலாண்மை, இப்படி. பக்கத்தில் இரண்டு கட்டம். 'வேலை கொடுப்பவர் இதை எவ்வளவு எதிர்பார்க்கிறார்?' என்பது ஒன்று, 'உன்னிடம் இது எவ்வளவு இருக்கிறது?' என்பது இன்னொன்று. ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். கடைசியில் 'மற்றவை' என்று காலியாக ஒரு வரி. நல்ல யோசனை. எனக்கே ஆர்வமாக இருந்தது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு இருபது நிமிஷம் நிஜமாகவே யோசித்து எழுதினார்கள். அப்புறம் தாள்களை எல்லாம் வாங்கி ஒரு பழுப்பு உறைக்குள் போட்டார்கள். அவ்வளவுதான். நான்கு நாளும் அந்த உறை திறக்கப்படவே இல்லை. கடைசி நாள் கேட்டேன். "அது எங்கள் ரெக்கார்டுக்கு" என்று பதில் வந்தது.

உறைக்குள் போனதை நான் காரில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மருமகன் தொழில்நுட்ப அறிவுக்கு, முதலாளி எதிர்பார்ப்பில், மூன்றுதான் போட்டிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எல்லாரிடமும் இருக்கும் என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள் மாமா. ஒரே கிளாஸில் எண்பது பேர் அதே பாடத்தில்தான் பாஸ் பண்ணியிருக்கிறோம். அதை வைத்து எப்படி ஆளைப் பிரிப்பார்கள்?" என்றான். மென்பொருளுக்கு ஐந்து, தனக்கும் ஐந்து.

இசிபிங்கோ பெண் எழுத்துக்கு ஐந்து போட்டு, தனக்கு இரண்டு போட்டிருந்தாள். காரணம் கேட்டேன். விடுமுறையில் வேலைப் பயிற்சிக்காக ஒரு சாலை வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கே சைட் டைரி எழுதும் வேலையை இவளிடம் கொடுத்தார்கள். எழுதினதைப் பொறியாளர் சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பித் திருப்பிக் கொடுத்தாராம். "எனக்கு லேப் ரிப்போர்ட் எழுதத் தெரியும் அங்கிள். அது மார்க் போடுகிறவர் படிப்பது. சைட் டைரியைத் தகராறு வந்தால் வக்கீல் படிப்பார். மழை பெய்தது என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விட்டது, அப்போது கான்கிரீட் லாரி எங்கே நின்றது, எத்தனை ஆள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இதை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை." இருபத்திரண்டு வயசில் இதைப் புரிந்துகொண்டவளுக்கு வகுப்பு என்ன புதிதாகச் சொல்லித்தந்துவிடும் என்று நினைத்தேன். எழுத்து பற்றி வகுப்பில் வந்தது ஒரே ஒரு ஸ்லைடு: மின்னஞ்சலில் சிரிப்புப் பொம்மை போடாதீர்கள்.

ஷால்கிராஸ் பையன் தலைமைப் பண்புக்கு ஐந்துக்கு ஐந்து, தனக்கு நான்கு. அவனே சிரித்தான். "குறைத்துப் போட்டால் தப்பாக நினைப்பார்களே அங்கிள். நிஜத்தில் எந்தக் கம்பெனியும் புதுப் பையனிடம் தலைமையை எதிர்பார்க்காது. சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி முடிப்பானா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்." என் கடையைப் பொறுத்தவரை அவன் சொல்வது அச்சு அசல் உண்மை. வந்த முதல் மாதமே என் ஃபோர்மேனுக்குத் தலைமை தாங்க வருகிறவனை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

உம்லாசிப் பையன் 'மற்றவை' வரியில் இரண்டு எழுதியிருந்தான்: லைசென்ஸ், ஆள் பழக்கம். அவன் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. தியரி எல்லாம் பாஸ். ஆனால் கம்பெனியில் இன்-சர்வீஸ் டிரெய்னிங் முடித்தால்தான் டிப்ளமோ கையில் கிடைக்கும். பி-1, பி-2 என்று இரண்டு கட்டம். எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் டிப்ளமோ முடித்தவன் வேண்டும் என்கிறார்கள், இல்லாவிட்டால் பதிலே இல்லை. "எத்தனை இடத்துக்கு எழுதினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன் பாபா" என்றான். வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் போன நாட்டில் இவனிடம் தன்னம்பிக்கை பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

இப்போது வகுப்பு காட்டிய பட்டியலுக்கு வருவோம். 'முதலாளிகள் விரும்பும் பத்துத் திறமைகள்' என்று ஒரு ஸ்லைடு. யாரைக் கேட்டார்கள், எந்த நாட்டில் கேட்டார்கள், எதுவும் இல்லை. இன்ஜினியரிங் என்ற வாடையே அதில் இல்லை. வங்கி வேலைக்குப் போகிறவனுக்கும் அதையே காட்டலாம். இத்தனைக்கும் இந்த நாட்டிலேயே ஒரு நல்ல பட்டியல் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சில், நாம் எக்சா என்று சொல்வது, ஒவ்வொரு பட்டப்படிப்பும் 11 தகுதிகளைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. சிக்கலைத் தீர்ப்பது, வடிவமைப்பு, சோதனை செய்து தரவைப் படிப்பது, எழுத்திலும் பேச்சிலும் விளக்குவது, குழுவாக வேலை செய்வது, தானாகக் கற்றுக்கொள்வது, தொழில் நெறி, நிர்வாகம் எல்லாம் அதில் வருகின்றன. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் 1999 முதல் தென்னாப்பிரிக்கா இருக்கிறது; நம் இந்தியா 2014-ல்தான் முழு உறுப்பினர் ஆனது. அதாவது இந்தப் பிள்ளைகள் நான்கு வருஷமாகக் குழு வேலைக்கும் பேச்சுக்கும் மார்க் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே சரக்கை வேறு பையில் போட்டு விற்கிறது வகுப்பு. மருமகனிடம் அந்த 11-ஐப் பற்றிக் கேட்டேன். "ஒவ்வொரு ப்ராஜெக்ட் தாளிலும் மேலே அச்சடித்திருக்கும் மாமா, யார் படிக்கிறார்கள்?" என்றான். அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, 'இதில் எழுத்து என்றால் சைட் டைரி, சோதனை என்றால் இது' என்று விளக்கியிருந்தாலே ஒரு சனிக்கிழமை உருப்படியாகப் போயிருக்கும்.

இரண்டாம் சனிக்கிழமை ஸ்பகெட்டியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துக் கோபுரம் கட்டினார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்பைரல் புத்தகம் அமெரிக்காவிலிருந்து இறங்கியது போலிருக்கிறது. சம்பளம் பேசும் பாடத்தில் டாலர். விண்ணப்பம் ஒரே பக்கம் இருக்க வேண்டும், வயசு எழுதக் கூடாது என்கிறது. இங்கே தண்ணீர் துறை மாதிரியான அரசுத் துறைக்கு விண்ணப்பம் போட்டால் இசட் 83 படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக நிரப்பாவிட்டால் ஓரமாக ஒதுக்கிவிடலாம். அந்தப் படிவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூட இல்லை. மூன்றாம் சனிக்கிழமை முழுக்க 'ஸ்டார்' முறை: சூழ்நிலை, பணி, செயல், விளைவு என்று நான்கு படியாகப் பதில் சொல்வது. முறையில் தப்பில்லை, பெரிய கம்பெனிகளில் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க அதை மனப்பாடம் செய்ததன் பலனை அடுத்த வாரம் நானே அனுபவித்தேன், சொல்கிறேன்.

அதற்கு முன் சாப்பாடு. வகுப்பு நடந்தது புரட்டாசி மாதம், அதுவும் சனிக்கிழமை! டர்பனில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? இந்த ஊரில் வருஷம் முழுக்க ஆட்டுக்கறி 'பன்னி சௌ' (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) சாப்பிடுகிற வீடுகூடப் புரட்டாசியில் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடும். முதல் நாள் சிக்கன் மாயோ சாண்ட்விச். இரண்டாம் நாள் சிக்கன் பிரியாணி, 'அதிலிருந்து கோழியை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே' என்ற யோசனையோடு. அன்றைக்கு மார்ஷ்மெல்லோவையும் தொட முடியவில்லை, அதில் ஜெலட்டின். மூன்றாம் நாள் முதல் என் மனைவி பீன்ஸ் கறியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். உம்லாசிப் பையன் விரதக்காரன் இல்லை என்றாலும் வகுப்புச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைத்தான் சாப்பிட்டான்.

சரி, நான்காவது சனிக்கிழமை.

காலையில் ஓய்வு பெற்ற ஒரு பாய்லர்மேக்கரை, அதாவது கொதிகலன் கட்டிப் பழுது பார்க்கும் தொழிலாளியை, கூட்டி வந்திருந்தார்கள். சர்க்கரை ஆலையிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வாழ்க்கையைக் கழித்தவர், அறுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஐந்து நிமிஷம் 'டூல்பாக்ஸ் டாக்' கொடுக்க வேண்டும். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் ஆட்களை நிறுத்திவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது அது. 1993-ஆம் வருஷத்து தொழில் பாதுகாப்புச் சட்டம் எண் 85 வந்த பிறகு எந்த ஒழுங்கான கடையிலும் இது தினசரி வழக்கம். தலைப்பு: மெயின் சுவிட்ச்சைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளாமல் எந்த இயந்திரத்தின் மேலும் கை வைக்கக் கூடாது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே வம்பு செய்தார். "நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் இந்த வேலை செய்கிறேன். உன் பேச்சை நான் எதற்குக் கேட்க வேண்டும்?" ஒருவரை இப்படிக் கேட்டார். இன்னொருவர் பேசும்போது போனை எடுத்துப் பார்த்தார். இன்னொருவரிடம், "சாவியைத் தொலைத்துவிட்டேன், பூட்டை வெட்டிவிடட்டுமா?" என்றார்.

பிள்ளைகள் திண்டாடிப்போனார்கள். இரண்டு பேர் விதி எண்ணைச் சொல்லி மிரட்டிப் பார்த்தார்கள், அவர் கொட்டாவி விட்டார். என் மருமகன் 'சார், ப்ளீஸ் சார்' என்று கெஞ்சினான். உம்லாசிப் பையன் முறை வந்தபோது அவன் ஸ்லைடு பக்கமே போகவில்லை. பெரியவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜூலு மொழியில் வணக்கம் சொல்லி, குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பெரியவர் போர்ட் ஷெப்ஸ்டன் ஊர்ப் பக்கத்துத் தமிழர், ஜூலு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நீங்கள் வேலை செய்த இடத்தில் பூட்டாமல் கை வைத்தவர் யாராவது இருந்தாரா, பாபா?" என்று கேட்டான். பெரியவர் முகம் மாறிவிட்டது. அப்புறம் ஐந்து நிமிஷமும் அவர்தான் பேசினார். அறை முழுக்க ஒரு சத்தமில்லை. பூட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது இதைத்தான் பேசினோம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஜூலு தெரியாத மாணவர்களுக்கு அந்த மொழிப் பாடம் கட்டாயம். சாட்ஸ்வொர்த் பெரியவர்கள் சிலர் அதைப் பற்றி இன்னும் முணுமுணுப்பதுண்டு. மருமகனின் பூட்டனார் டொங்காட்டில் கரும்பு வெட்டியவர், தமிழும் ஜூலுவும் சரளமாகப் பேசுவாராம், இங்கிலீஷ்தான் வராதாம். இவனுக்கு இங்கிலீஷ் மட்டும். ஒர்க்‌ஷாப்புகளில் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஜூலுதான். அந்தத் தாளில் இருந்த பதினைந்து திறமைகளில் மொழி இல்லை, கவனித்தீர்களா?

மதியம் நேர்காணல் ஒத்திகை. மூன்று மேஜை, ஒன்றில் நான். சொந்தக்காரன் என்பதால் மருமகனை வேறு மேஜைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். கேள்வித் தாள் ஒன்று கொடுத்தார்கள், அதை ஓரமாக வைத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுபோன ஒரு பழைய வெண்கல இம்பெல்லரை, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரத்தை, மேஜைமேல் வைத்தேன். உள்வாய்ப் பக்கம் இறக்கைகளின் ஓரம் முழுக்கக் கரையான் அரித்த கட்டை மாதிரிப் பொத்தல். "இதற்கு என்ன ஆச்சு? தெரிந்ததைச் சொல், தெரியாததைக் கேள்." இவ்வளவுதான் கேள்வி.

பாதிப் பேர் இம்பெல்லரைத் தொடவே இல்லை. "ஒரு தடவை எங்கள் குழுவில் இதுபோன்ற ஒரு சவாலான சூழ்நிலை வந்தது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டார் முறை! ஸ்பகெட்டிக் கோபுரத்தை எனக்கு இரண்டு பேர் விளைவோடு சேர்த்து விவரித்தார்கள்.

ஒரு மெக்கானிக்கல் பையன் பார்த்த மாத்திரத்தில் 'கேவிடேஷன்' என்றான். சரியான பதில். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் போதாமல் தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழாகி, குமிழ் உடையும்போது உலோகத்தைத் துளித்துளியாகப் பிய்த்துவிடும். மணல் தேய்த்திருந்தால் வழவழவென்று கோடு விழுந்திருக்கும், இப்படிப் பொத்தல் விழாது. அதையும் சொன்னான். காகிதம் வாங்கி, சூத்திரம் எழுதி, காற்றழுத்தத்துக்கு 10.3 மீட்டர் போட்டு, ஒரு தொட்டி உயரத்தை அவனே கற்பனை செய்துகொண்டு கணக்கை முடித்தான். 'இந்தக் கணக்குப்படி பம்ப் கெட்டிருக்கக் கூடாதே' என்று வந்தது. குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். கணக்கில் பிசகில்லை.

இசிபிங்கோ பெண் சிவில், பம்ப் அவள் பாடமே இல்லை. இம்பெல்லரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், விரலை விட்டுத் தடவினாள். "இது எந்த ஊரில் ஓடியது அங்கிள்?" என்றாள். முதல் கேள்வியே அதுதான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் என்றேன். "இங்கே ஓடியதை அங்கே கொண்டுபோனார்களா?" ஆமாம். "அப்போ உயரம் ஏதாவது வித்தியாசம் பண்ணுமா? எனக்குத் தெரியவில்லை, கேட்கிறேன்." விஷயமே அதுதான்! கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஜோகன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எட்டரை மீட்டர் அளவுதான். டர்பனில் பிரச்சினை இல்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்த பம்பை அதே குழாய் அமைப்போடு மேலே கொண்டுபோய் வைத்தார்கள், ஒரு வருஷத்தில் இம்பெல்லர் போய்விட்டது. சூத்திரம் தெரிந்த பையன் ஊரைக் கேட்கவில்லை. அவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். பரீட்சையில் எல்லா எண்ணையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள், எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? என்னைக் கேட்டால் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பேன்.

அப்புறம் மார்க் தாளைக் கொடுத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசினாரா, கை குலுக்கினாரா, நிமிர்ந்து உட்கார்ந்தாரா, ஸ்டார் முறையில் பதில் சொன்னாரா. கேள்வி கேட்டாரா என்று ஒரு கட்டமும் இல்லை. அந்தப் பெண் பேசின நேரம் முழுக்க இம்பெல்லரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் கண்ணைப் பார்க்கவில்லை. கோபுரக் கதை சொன்னவர்களுக்கு அவளைவிட அதிக மார்க் வந்தது. நான் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார், "ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே வைக்க முடியும்" என்றார். நான் தாளின் அடியில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, அவளுக்கு மட்டுமல்ல, கேள்வி கேட்ட எல்லோருக்கும் மார்க் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூட்டினார்களா என்பது அவர்கள் பாடு.

பிள்ளைகளோடு எனக்கும் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மென்பொருளுக்கு நான்கு பேரும் ஐந்து போட்டிருக்கிறார்கள். பெரிய வடிவமைப்பு அலுவலகத்தில் அது உண்மையாக இருக்கலாம். என் மாதிரிக் கடையில் முதல் வருஷம் தேவைப்படுவது வரைபடம் படிக்கத் தெரிவது, மைக்ரோமீட்டரைப் பிடித்து ஒரு ஷாஃப்டை மூன்று இடத்தில் அளப்பது, அளந்ததை அடுத்தவனுக்குப் புரிகிற மாதிரி ஜாப் கார்டில் எழுதுவது. மருமகனுக்குத் திரையில் ஒரு பம்பை முப்பரிமாணத்தில் கழற்றி மாட்டத் தெரியும். நிஜ பம்பில் கப்ளிங்கைக் கழற்றச் சொன்னால் முதலில் எந்த போல்ட் என்று என்னைப் பார்க்கிறான். இதை அவனிடமும் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது, டிசம்பர் லீவுக்குக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

சில்லறை விஷயங்கள். லிங்க்டின்னுக்கு என்று புகைப்படக்காரரை வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார்கள், அது பிரமாதம். மைத்துனர் அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டிவிட்டார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவும் ஆகும் என்கிறார். சான்றிதழ் கெட்டித் தாளில் வருகிறது. விளம்பரத்தில் சி.பி.டி. புள்ளி (தொடர் தொழில் கல்விக்கான புள்ளி) என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்தப் புள்ளி எக்சாவில் ஏற்கெனவே பதிவு செய்த பொறியாளருக்குத்தான் வேண்டும், மாணவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செட்டா எனும் துறைவாரிப் பயிற்சி ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. 'எங்களுக்கு நட்சத்திரம் கொடுங்கள்' என்ற இணைப்பு மட்டும் வந்தது. ஐந்துக்கு இரண்டரை கொடுக்க வழியில்லை, மூன்று கொடுத்தேன். இரண்டரையும் அந்தப் பாய்லர்மேக்கர் பெரியவருக்கு.

உம்லாசிப் பையனை ஜனவரியிலிருந்து பி-1-க்கு என் கடையில் எடுக்கிறேன், மோட்டார் பக்கம். கல்லூரியிலிருந்து ஆள் வந்து கடையைப் பார்த்து ஒப்புக்கொண்டால் சரி. இதை வகுப்பின் வெற்றிக் கதையாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று நடத்துகிறவர்கள் கேட்டார்கள். என் காரில் இடம் இருந்ததால் நடந்தது என்றேன்.

அடுத்த தொகுதி பிப்ரவரியில் தொடங்குகிறது. சேர்ப்பதானால் மூன்று விஷயம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கடைசி நாள் மட்டும் சேர முடியுமா என்று கேளுங்கள். என்னிடம் 'யோசிக்கிறோம்' என்றார்கள், நாலு பேர் கேட்டால் செய்வார்கள். முதல் நாள் எழுதுகிற தாளைப் பிள்ளை கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழியில் ஏறுகிற பிள்ளைகளைச் சேர்த்து ஒரே காரில் அனுப்புங்கள். கட்டடத்துக்குக் கீழே பார்க்கிங் கட்டணம் தனி, வகுப்பு அதைத் தராது.